ஒரு மூச்சு நேரம்

நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நின்றுவிட்டேன், பெய்னிர்.
வெளியே பக்கவாட்டில் அடிக்கிறது மழை.
கிளாக்ஸ்விக்கில் அது நேராகப் பெய்து நான் பார்த்ததில்லை.

உன் நிரல் நன்றாக இருக்கிறது.
குறை சொல்ல வருகிறவர்கள் எல்லோரும்
இப்படித்தான் தொடங்குவார்கள் என்றாலும்
நிஜமாகவே நன்றாக இருக்கிறது.

மின்சாரம் தொட்டதும் விழிக்கும் முதல் ஆள் இது.
தன் பெயர் தெரியாது, மணி என்ன தெரியாது,
ரேம் இருக்கிறதா என்பதையே
தட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.
இருட்டில் கைநீட்டி
முதலில் எஸ்டி கார்டு,
இல்லையென்றால் பலகை மூலையில்
பொட்டுப்போல ஒட்டியிருக்கும் ஃபிளாஷ்,
கதவு கதவாய்ப் போய் ஃபர்ம்வேர் கேட்கும்.
கிடைத்ததை நினைவகத்தில் இறக்கி
அதற்குள் குதித்து
இல்லாமல் போகும்.

அரை நொடி ஆயுள்.
அந்த அரை நொடியைத்தான்
மூன்று நாளாய்ப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கேட்டது எட்டு லட்சம் பைட்.
கார்டு தந்தது ஏழு லட்சத்துச் சொச்சம்.
பிழையென்றால் எதிர்மறை எண் வரும் என்று
வாசலில் காவல் வைத்திருக்கிறாய்.
வந்ததோ நல்ல எண், நேர்மறை எண்,
கொஞ்சம் மெலிந்த எண்.
காவல்காரன் வணக்கம் வைத்து உள்ளே விட்டுவிட்டான்.
கார்டு பொய் சொல்லவில்லை, பெய்னிர்.
இவ்வளவுதான் முடிந்தது என்று சொல்லியிருக்கிறது.
நாம்தான் காதில் வாங்கவில்லை.

சோதனையில் எப்படித் தேறியது என்று கேட்பாய்.
ஒரே மேசையில் நானூறு முறை
நீ அதை மறுபடி மறுபடி எழுப்பினாய்.
ரேமுக்கு நடுவில் மின்சாரம் போகவே இல்லை.
நேற்றைய ஃபர்ம்வேரின் வால்
விட்ட இடத்திலேயே கிடந்தது.
இன்றைய தலை, நேற்றைய வால்,
கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரி.

நேற்றிரவு பலகையை ஜன்னலோரம் வைத்து
வயரைப் பிடுங்கி, இரண்டு நொடியில் செருகினேன்.
எழுந்துவிட்டது!
குளிரில் ரேம் மெதுவாகத்தான் மறக்கும்.
பிறகு அணைத்துவிட்டுப் போய்
உருளைக்கிழங்கு வேகவைத்து, மீனோடு சாப்பிட்டு,
அம்மாவிடம் போனில் பேசிவிட்டு வந்து போட்டேன்.
பச்சை விளக்கு வரவில்லை.
வாலிருக்க வேண்டிய இடத்தில் வெறும் குப்பை.

அப்போதுதான் ஹோக்னி நினைவுக்கு வந்தான்.

டிசம்பர் புயலில் மின்சாரம் போய்
சால்மன் கூண்டு ஏழில் பெட்டி விழிக்காமல் கிடந்ததே,
நாற்பதாயிரம் மீன்,
நீரில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை.
ஹோக்னி படகில் போனான்.
கார்டை உருவி, ஊதி, திரும்பச் செருகி, ரீசெட்டை அழுத்தினான்.
எழுந்துவிட்டது.
அறிக்கையில் எழுதினான்: கார்டில் தூசி.

நடுக்கடலில் என்ன தூசி?
உப்புத்தண்ணீரும் மீன்தீனி வாடையும் இருக்கும் இடத்தில்?

அன்று முதல் மிதவையில் இருக்கிற எல்லோரும்
எது நின்றாலும் கார்டை உருவி ஊதுகிறார்கள்.
ரேடியோ நின்றபோதுகூட ஒருவன் ஊதினானாம்.

உறைகுளிரில் கார்டும் அப்போதுதான் கண்விழிக்கிறது.
கேட்பவன் அரைத்தூக்கம், கொடுப்பவன் அரைத்தூக்கம்.
ஹோக்னி ஊதியதில் ஒன்றுமில்லை.
செருகியதற்கும் விரல் ரீசெட்டைத் தேடியதற்கும் இடையில்
அவன் விட்ட அந்த ஒரு மூச்சு நேரம்,
அதுதான் கார்டுக்கு வேண்டியிருந்தது.

ஆகவே, வரி நானூற்றுப் பன்னிரண்டு:
கேட்டதும் வந்ததும் சமமா என்று பார்.
சமமில்லையென்றால் இருநூறு மில்லிநொடி பொறு. மறுபடி கேள்.
மூன்று முறை கேட்டும் தராவிட்டால்
அடுத்த கதவுக்குப் போ.
போவதற்குமுன் நினைவகத்தைத் துடைத்துவிடு,
நேற்றைய வாலை நம்பி யாரும் எழ வேண்டாம்.

அந்த இருநூறுக்கு ஒரு பெயர் வேண்டும்.
நான் ஒன்று வைத்து, அழித்துவிட்டேன்.
நீயே யோசி.

ஹோக்னியிடம் இப்போதைக்குச் சொல்லாதே.
திருத்தம் போய்ச் சேரும்வரை
அவர்கள் ஊதட்டும்.